பொலிஷ் பந்து

உம்முடைய போத்தலை இன்று காலை திறந்தேன். திறந்தேன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். மூடியைச் சுடுதண்ணீரில் பிடித்து, துவாய் சுற்றி முறுக்கி, பல்லைக் கடித்து, கடைசியில் மகனைக் கூப்பிட்டு அவன் ஒரு திருகுத் திருகிய பிறகுதான் அது வழிக்கு வந்தது. நீர் இறுக்கி மூடியதல்லவா. உம்முடைய காரியம் எதுவும் எனக்கு இலேசில் வழிவிட்டதில்லை.

மூடி விலகியதும் ஸ்பிரிற்றும் அரக்கும் கலந்த அந்த மணம் குசினியை நிறைத்தது. "அம்மா, கராஜ் மாதிரி ஸ்மெல் பண்ணுது, ஓப்பின் த வின்டோ" என்று சொல்லிவிட்டு மகன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் யன்னலைத் திறக்கவில்லை. மூக்கைப் போத்தலுக்குக் கிட்டக் கொண்டுபோய் நன்றாக இழுத்தேன். நாங்கள் வேலை செய்த ஹெலேனாவின் தளபாடக் கடையின் மேல்மாடி மணம் அது. எனக்குக் கிடைக்காத மேல்மாடி.

போத்தலுக்குள் உம்முடைய பந்து இருந்தது. பஞ்சையோ கம்பளியையோ உருட்டி, மேலே மெல்லிய துணியைச் சுற்றி, கையடக்கமாகச் செய்வோமே, அரக்குக் கரைசலை ஊட்டி மரத்தில் தேய்த்துத் தேய்த்து மினுக்கம் ஏற்றுவதற்கு, அந்தப் பந்து. காற்றுப் பட்டால் கல்லாகிவிடும் என்று வேலை முடிந்ததும் போத்தலில் போட்டு மூடிவிடுவீர். விரலால் அமத்திப் பார்த்தேன். இன்னமும் மெத்தென்று இருக்கிறது. நீர் நோயில் படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், போயே போய்விட்டீர். உம்முடைய பந்து மட்டும் நேற்று வைத்ததுபோல இருக்கிறது.

உம்முடைய முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து சனம் கலையும்போது குணம் அண்ணை இதை ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டுவந்து என் கையில் தந்தார். மனிதர் பாதியாகிவிட்டார். மனைவி போனால் கணவன்மார் இப்படி உருகுவார்களா என்று ஒரு நினைப்பு எனக்கு ஓடியது. என்னுடைய அவர் உருகுவாரோ தெரியாது. பார்த்தீரா, அங்கேயும் எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கிற அதே புத்தி.

"இது உங்கட சாமானாம். உங்களிட்டையே குடுக்கச் சொன்னவ" என்றார்.

"என்ர சாமானோ? இல்லை அண்ணை, இது அவவின்ர பந்து. என்னை ஒருக்காத் தொடக்கூட விடாதவ."

"எனக்கு உந்த விசயம் ஒண்டும் விளங்காது தங்கச்சி. அவவின்ர சாமான் அவவிட்டையே போகட்டும் எண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னவ. வேறை ஆரிட்டையும் குடுத்துப் போடாதேங்கோ எண்டும் சொன்னவ."

வாங்கிக்கொண்டு வந்து அலுமாரிக்கு மேல் வைத்தேன். என் சாமான் என்று எப்படிச் சொன்னீர் என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். நோயின் மயக்கத்தில் உளறியிருப்பீர் என்று நினைத்தேன். அல்லது, போகிற போக்கில் எனக்கு ஒரு பரிசு தருகிறீராக்கும் என்று நினைத்தேன். பரிசென்றால் இன்னும் எரிச்சல். அதனால்தான் இத்தனை நாளும் திறக்கவில்லை.

மறைக்க ஒன்றும் இல்லை. நீர் இருந்த காலத்திலேயே உமக்குத் தெரிந்ததுதான். உம்மைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். உம்மைப்போல ஒரு சிநேகிதியும் எனக்கு இல்லை. உம்மைப்போல என் வயிற்றை எரித்தவரும் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் ஒருநாளும் கஷ்டப்பட்டதில்லை. ஒரே சட்டியில் கிடந்தன.

ஸ்காபரோவில் அந்த உயரமான கட்டடத்தில் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவில் இருந்தோம். கனடாவுக்கு வந்து இரண்டு பேருக்கும் முதல் குளிர்காலம். ஆண்கள் இருவரும் தொழிற்சாலைக்குப் போனபின் நீர் என் வீட்டுக்கு வந்து அழுவீர். "எனக்கு இந்தச் சுவர் நாலையும் பாத்துக்கொண்டிருக்க விசர் பிடிக்குதப்பா" என்பீர். நான்தான் உம்மைத் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் நடந்த ஆங்கில வகுப்புக்கு இழுத்துப் போனேன். அங்கே ஆங்கிலம் பாதி, பின்னல் பாதி. நான் சாம்பல் நிறக் கம்பளியில் ஒரு சோடிக் கையுறை பின்னினேன். நாலு விரலும் ஒன்றாக, பெருவிரல் மட்டும் தனியாக இருக்குமே, அந்த விதம். முடித்துப் போட்டுப் பார்த்தால் இரண்டிலும் பெருவிரல் ஒரே பக்கம். ஒன்றை நேராகப் போடலாம், மற்றதைத் திருகித்தான் போடலாம். நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். "உமக்கு ரெண்டும் இடக்கையோ?" என்றீர். அவிழ்த்துப் பின்ன எனக்கு மனம் வரவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஹெலேனாவின் கடையைக் கண்டுபிடித்ததும் நான்தான். இதை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன், ஆயிரத்தோராவது தரமும் சொல்வேன். தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் ஓடும் தெருவில் பழைய தளபாடங்களைப் புதுப்பிக்கும் கடை. யன்னலில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. உள்ளே போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டி, வேலையை எடுத்தேன். எடுத்த கையோடு, எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவளும் நன்றாகச் செய்வாள் என்றேன். நீர் அதுவரை ஒரு கதிரைக்காலைக்கூடத் துடைத்ததில்லை. ஹெலேனா போலந்துக்காரி, தானும் ஒரு காலத்தில் இப்படிக் கதவைத் தட்டி வந்தவர்தான் என்று பிறகு சொன்னார். உம்மையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

முதலில் இரண்டு பேருக்கும் நிலக்கீழ் வேலை. முழங்கை வரைக்கும் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, பழைய பெயின்ற்றில் மருந்து பூசி, அது கொப்பளித்து எழும்பியதும் தகட்டால் வழிக்க வேண்டும். நல்ல வால்நட் மரத்துக்கு மேல் யாரோ வெள்ளை அடித்திருப்பார்கள், அதற்கு மேல் வேறு யாரோ பச்சை. வழிக்க வழிக்க ஒவ்வொரு வீட்டுக்காரரின் விசரும் ஒவ்வொரு படையாக வரும். கடைசியில் மரம் தன் முகத்தைக் காட்டும். அதை முதலில் காண்கிற ஆள் நான் என்ற பெருமை எனக்கு இருந்தது. உமக்கு அந்த வேலை பிடிக்காது. மருந்து மணத்துக்குத் தலையிடி என்பீர். ஆனாலும் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது சிரித்துக்கொண்டுதான் திறப்பீர். குணம் அண்ணை காலையில் எழும்பிச் சம்பல் இடித்து வைத்திருப்பார். என் பெட்டியில் நான் வைத்ததுதான் இருக்கும்.

மேல்மாடியில் பொலிஷ் போடுகிற இடம். பெரிய யன்னல், கீழே தெரு, ஸ்ரீட்காரின் மணிச்சத்தம், ஒரு சின்ன ரேடியோ. அங்கே இருந்த இத்தாலியக் கிழவர் ஓய்வெடுத்துப் போனதும் ஹெலேனா எங்களில் ஒருவரை மேலே எடுப்பதாகச் சொன்னார். அந்த யன்னலடி எனக்குத்தான் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். வேலையைத் தேடியது நான், முதலில் வந்தது நான், ஹெலேனா சொல்வதை வரி வரியாகக் கேட்டு நடப்பது நான். வேறு யாருக்குக் கிடைக்கும்?

ஹெலேனா ஒரே அலுமாரியின் இரண்டு இழுப்பு லாச்சிகளைக் கழற்றி எடுத்து, மேல்மாடியில் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்தார். ஆளுக்கொரு கடைப் பந்தைத் தந்தார். செய்ய வேண்டியதைத் தானே ஒருமுறை செய்து காட்டினார். மரத்தில் பந்து படும்போது கை ஓடிக்கொண்டே படவேண்டும், ஓடிக்கொண்டே விலகவேண்டும், நடுவில் நிற்கவே கூடாது. நின்றால் ஈர அரக்கில் பந்து ஒட்டி வடு விழுந்துவிடும். அவ்வளவுதான் பாடம்.

நான் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். அளவாகக் கரைசல், ஒரு சொட்டு எண்ணெய், வட்டம் வட்டமாக ஓட்டம். நீரோ ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, வீட்டில் மேசை துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தீர். இடையில் தெருவில் போன நாயைப் பார்த்துக்கூடக் கதைத்தீர். கை மட்டும் தன்பாட்டில் ஓடியது. உம்முடைய லாச்சியின் முகத்தில் யன்னல் தெரியத் தொடங்கியது. யன்னலுக்குப் பின்னால் வானம். என்னுடையதில் மூன்று இடத்தில் வடு.

"எப்பிடியப்பா உமக்கு மட்டும் வருது?" என்று கேட்டேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"உம்மட கண் என்ர லாச்சியில நிக்குது. நான் எவ்வளவு தூரம் வந்திட்டன் எண்டு பாக்கிறீர். பாக்கேக்கை கை நிண்டுபோகுது. பிறகு வடு விழாமல் என்ன செய்யும்?"

அதைச் சொல்லிவிட்டு உம்முடைய பந்தால் என் வடுவை அழிக்க வந்தீர். நான் விடவில்லை. ஹெலேனா வந்து இரண்டு லாச்சியையும் சாய்த்துப் பார்த்து, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உம்மைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று பின்னேரம் பஸ்ஸில் நான் யன்னல் பக்கம் இருந்துகொண்டு உம்முடன் கதைக்கவேயில்லை. அங்கேயாவது எனக்கு யன்னல் வேண்டியிருந்தது.

நீர் மேலே போன அந்தக் குளிர்காலத்தில்தான் என் கையுறையில் ஒன்று காணாமல் போனது. எல்லா இடமும் தேடினேன். மகனை ஏசினேன். "பஸ்ஸிலை விட்டிருப்பீர்" என்றீர். நான் பஸ்காரரின் தொலைந்த சாமான் பகுதிக்கும் போய்க் கேட்டேன். அடுத்த நாளே நீர் கடையில் ஒரு சோடித் தோல் உறை வாங்கிக்கொண்டுவந்து தந்தீர், உள்ளே பூனைமயிர் போல மெத்தை வைத்தது. சம்பளம் கூடின ஆள் வாங்கித் தருகிறார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு போட்டுக்கொண்டேன். நல்ல சூடாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

அதே நாட்களில் நீர் உமக்கென்று ஒரு பந்து செய்துகொண்டீர். கடைப் பந்து பிடிக்கவில்லை என்றீர். மேல் துணிக்கு குணம் அண்ணையின் பழைய வேட்டியில் ஒரு துண்டு. தோய்த்துத் தோய்த்து நூலெல்லாம் மெதுமையாகிவிட்ட வேட்டி. அதிலிருந்து ஒரு பிசிறும் மரத்தில் ஒட்டவில்லை. ஹெலேனா அதைத் தொட்டுப் பார்த்து அதிசயப்பட்டார்; அந்த மாதத்திலேயே கடையில் எல்லாருக்கும் வேட்டித் துண்டு வேண்டும் என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது, உம்முடைய கெட்டித்தனம் எல்லாம் அந்தப் பந்தில்தான் என்று. சோதனை நாளில் இரண்டு பேருக்கும் கடைப் பந்துதான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். நானும் என்னுடைய அவரின் வேட்டியைக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்து ஒன்று செய்தேன். வீட்டில் ஒரு பலகையில் பழகிப் பார்த்தேன். இரண்டு கிழமையில் அது தேங்காய்ச் சிரட்டை மாதிரி ஆகிவிட்டது.

"உள்ளுக்கு என்ன வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டேன்.

"பஞ்சுதான்."

"தாரும் ஒருக்கா, பாப்பம்."

"ஐயோ, பந்தை மற்ற ஆள் தொடப்படாது. கை மாறினால் அச்சு மாறிப்போம்."

என்னமோ சீதனமாகக் கொண்டுவந்த பதக்கம்போல அதைப் போத்தலில் போட்டு மூடினீர். அன்றிலிருந்து அந்தப் போத்தலில் என் கண்.

மேப்பிள் மேசைக் கதையை நான் உமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எனக்குச் சொல்லவேண்டும்.

பணக்காரர் இருக்கிற றோஸ்டேலில் இருந்து ஒரு மனுசி தன் தாயின் சாப்பாட்டு மேசையை அனுப்பியிருந்தா. மகளின் கலியாண விருந்துக்கு அது புதிதாக வேண்டும். நான் கீழே மினக்கெட்டு வழித்து, துடைத்து, வெறும் மரமாக மேலே அனுப்பினேன். மேற்பரப்பில் ஒட்டியிருந்த மேப்பிள் தோல் கடதாசித் தடிப்புத்தான். ஒரு சுரண்டல் கூடினால் கீழ்ப் பலகை தெரிந்துவிடும். அதைச் சேதமில்லாமல் எடுத்ததற்கு ஹெலேனாகூட ஒரு "குட்" சொன்னார். என் கணக்கில் அது அபூர்வம்.

அந்தச் சனிக்கிழமை ஆயுத பூசை. வேலைத்தலத்தில் ஆயுதம் இருக்கும்போது வீட்டில் எதை வைத்துக் கும்பிடுவது என்று நீர் ஹெலேனாவிடம் கேட்டே விட்டீர். அவர் சந்தோசமாக ஓம் என்றார். தன் பங்குக்கு ஒரு கேக்கும் செய்துகொண்டுவந்து வைத்துவிட்டு, வெளியூர்ப் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார். நீர் தகடுகள், தூரிகைகள், உளிகள் எல்லாவற்றையும் எடுத்து அந்த மேப்பிள் மேசையில் பரப்பினீர்.

"கீழ பேப்பர் ஒண்டு விரியுமப்பா, வெறும் மரம்" என்றேன்.

"உமக்கென்ன விசரே? சாமிக்கு ஆரும் நியூஸ் பேப்பர் விரிக்கிறவையே?"

எல்லா ஆயுதத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தீர். பிறகு, மேசையும் எங்களுக்குச் சோறு போடுகிறதுதானே என்று அதன் நடுவிலும் தண்ணீர் தொட்டு ஒரு வட்டப் பொட்டு வைத்தீர். உம்முடைய மாமி மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டிலேயே செய்து கொழும்பில் இருந்து அனுப்பிய குங்குமம். எனக்கு அப்படிப் பார்சல் அனுப்ப ஒருவரும் இல்லை என்று அன்றும் நினைத்தேன்.

திங்கட்கிழமை நீர் படியால் ஓடி இறங்கி வந்தபோது உம்முடைய முகத்தில் இரத்தம் இல்லை. மேலே போய்ப் பார்த்தேன். பொட்டைத் துடைத்தால் போகவில்லை என்று பொலிஷ்காரியின் புத்தியோடு ஸ்பிரிற்றை ஊற்றித் தேய்த்திருக்கிறீர். மஞ்சளுக்கு ஸ்பிரிற் என்றால் வெள்ளம் கண்ட மீன்தானே. ஒரு சதக்காசு அளவில் இருந்தது உள்ளங்கை அளவில் சிவந்து, மரத்துக்குள் இறங்கிக் கிடந்தது. சுரண்டவும் வழியில்லை. ஹெலேனா சாமான் பார்க்க வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமை திரும்பி வருவார்.

"என்னை அனுப்பிப் போடுவா" என்று அழுதீர். "உம்மையும் சேத்து அனுப்புவா. நீர்தானே மேசையை வழிச்சது."

உமக்கு நான் வேண்டியிருந்த ஒரே நேரம் அதுதான். பூசைத் தட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தை வெட்டி, பஞ்சில் பிழிந்து, கறையில் மெல்ல ஒற்றினேன். சிவப்பு மஞ்சளானது. நீர் "ஐயோ" என்றீர். "சும்மா இரும். உது இனி வெறும் மஞ்சள். வெள்ளைச் சட்டையில மஞ்சள் பட்டால் என்ன செய்யிறனாங்கள்? வெயிலில போடுறம்" என்றேன். இரண்டு பேருமாக மேசையின் மேற்பலகையைக் கழற்றி, பின்பக்கத்து இரும்புப் படித்தட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், வெயிலைப் பார்க்கச் சாய்த்து வைத்தோம்.

ரொறன்ரோவின் இலையுதிர் வெயில் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழமை அது எனக்காகக் காய்ந்தது. நீர் நிமிடத்துக்கு ஒருமுறை மேகத்தைப் பார்த்தீர், பிறகு என் முகத்தைப் பார்த்தீர். "போகுமோ? சொல்லுமப்பா, போகுமோ?" நான் ஒரு டொக்டர் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு "பொறும், பாப்பம்" என்றேன். அந்த நாட்களில் நான் இருந்த சந்தோசம் போல கனடாவில் வேறு எப்போதும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கறை போய்விட்டது. எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு நீர் பொலிஷ் போட்டீர். அதற்குப் பிறகு நடந்தது உமக்குத் தெரியும்.

றோஸ்டேல் மனுசி வந்து மேசையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு கரையில் இருந்து மறுகரைக்குத் தடவிக்கொண்டு போனா. கண் கலங்கிவிட்டது. யார் செய்தது என்று கேட்டா. ஹெலேனா உம்மைக் காட்டினார். அவ உம்முடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்தக் கை, இந்தக் கை என்று சொல்லிக்கொண்டு நின்றா. நான் கீழிருந்து வேறொரு மேசையின் கால் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் நின்றேன். வழியை விடும்படி யாரோ சொன்னார்கள்.

பஸ்ஸில் நீர்தான் தொடங்கினீர்.

"ஏனப்பா முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?"

"ஒண்டுமில்லை."

"உமக்கு எரிச்சல்."

"ஓம், எரிச்சல்தான். எலுமிச்சம்பழம் பிழிஞ்சது நான். வெயிலில வைச்சது நான். பேர் உமக்கு."

"அப்ப ஹெலேனாட்டைப் போய் நடந்ததைச் சொல்லட்டோ?"

"சொல்லும். ரெண்டு பேரையும் வீட்டை அனுப்புவா."

நீர் சிரிக்கத் தொடங்கினீர். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனபின் நீர் சொன்னீர்: "நீர் செய்த வேலை ஒருத்தற்றை கண்ணிலையும் படேல்லை. வேலை எண்டால் அதுதானப்பா."

"கண்ணில படாத வேலையை நான் என்னத்துக்குச் செய்யிறது?" என்றேன். அது இன்றைக்கும் என் கேள்விதான்.

அதற்குப் பிறகு உம்முடைய காட்டில் மழை. றோஸ்டேல்காரி தன் சிநேகிதிகளுக்குச் சொல்ல, அவர்கள் தங்கள் சிநேகிதிகளுக்குச் சொல்ல, கடைக்கு வருகிற ஆட்கள் உம்மைப் பெயர் சொல்லித் தேடினார்கள். பெயரைக் கொலை செய்தார்கள், ஆனாலும் தேடினார்கள். நீர் பிக்கரிங்கில் புதுவீடு வாங்கினீர். பால் காய்ச்சிய அன்று உம்முடைய வீட்டுப் படிக்கட்டின் கைபிடியைத் தடவிப் பார்த்தேன். அதற்கும் நீரே பொலிஷ் போட்டிருந்தீர். நாங்கள் அஜின்கோர்ட்டில் வாடகை வீட்டுக்கு மாறினோம். குப்பை நாளில் தெருவோரம் கிடந்த ஒரு சின்ன வட்ட மேசையை நீரும் நானுமாக பஸ்ஸில் ஏற்றி அங்கே கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? சாரதி ஏசினார். நீர் அவருக்கு மேசையின் மரம் என்னவென்று விளக்கம் சொன்னீர். "நீர் வழிச்சு வையும், நான் வந்து பொலிஷ் போட்டுத் தாறன்" என்றீர். நான் வழித்து வைத்தேன். உமக்கு நேரம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் வரும்போதெல்லாம் உம்முடைய கட்டிலைச் சுற்றிச் சனம். கதிரை பிடிக்க இடமில்லை. ஹெலேனா பூவோடு வந்தார். றோஸ்டேல்காரி வந்தா. ஒருநாள் எல்லாரும் போனபின் நீர் மெல்லிய குரலில், "என்னப்பா, என்ர சனத்துக்கும் எரிச்சலோ?" என்று கேட்டீர்.

"ஓம். நான் விழுந்தால் ஆர் வருவினம்?"

"நான் வருவன்" என்றீர்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஆள் நீர்.

இன்று காலைக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் வருகிற இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கொம்பியூட்டர் எல்லாம் நின்றுபோகுமாம் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். அதை நிற்பாட்டிவிட்டு, பந்தை எடுத்து மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். உம்முடைய இரகசியத்தைப் பார்க்கவேண்டும், வேறு நோக்கம் இல்லை. வேட்டித் துண்டு அரக்கு ஊறித் தேன் நிறமாக இருந்தது. அதை விரித்தேன். உள்ளே பஞ்சு இல்லை. கம்பளி. மடித்து உருட்டி வைத்திருந்த கம்பளியைப் பிரிக்க, பக்கத்தில் இருந்து ஒரு பெருவிரல் வெளியே வந்தது.

கள்ளி!

என்னுடைய கையுறை. சாம்பல் நிறம் மண்ணிறமாகிவிட்டது, ஆனால் என் பின்னல் எனக்குத் தெரியாதா? இரண்டும் இடக்கையாகப் பின்னியதில் ஒன்று. நான் பஸ்காரரிடம் போய்க் கேட்டு அவமானப்பட்டேன். மகனை ஏசினேன். நீர் பக்கத்தில் நின்று "பஸ்ஸிலை விட்டிருப்பீர்" என்றீர். அது அந்த நேரம் உம்முடைய கைக்குள்ளே இருந்திருக்கிறது. றோஸ்டேல் வீடுகளில் மினுங்குகிற மேசை, அலுமாரி, பியானோ மூடி அவ்வளவும் என் கையுறையால் மினுங்கியவை. அந்த மனுசி இந்தக் கை, இந்தக் கை என்று பிடித்துக்கொண்டு நின்றபோது நீர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் தனியே குசினியில் இருந்து சத்தம்போட்டுச் சிரித்தேன். மகன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பிறகு சிரிப்பு வேறு மாதிரிப் போய்விட்டது.

கேட்டிருந்தால் தந்திருப்பேனா? தந்திருக்க மாட்டேன். அது உமக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

முகத்தைக் கழுவிவிட்டு, மடிப்பு மாறாமல் பந்தைத் திரும்பச் சுற்றினேன். அரக்குக் கரைத்தேன். அந்தத் தெருவோரத்து வட்ட மேசையைக் குசினி யன்னலடிக்கு இழுத்துக்கொண்டுவந்தேன். இப்போது என்னிடம் எல்லாம் இருந்தது. உம்முடைய பந்து, உம்முடைய வேட்டித் துண்டு, என் கம்பளி, ஒரு யன்னல். இனி எனக்கு என்ன குறை என்று தொடங்கினேன்.

கை ஓடியது. உண்மையாகத்தான் சொல்கிறேன், ஓடியது. ஓடிக்கொண்டே பட்டது, ஓடிக்கொண்டே விலகியது. மரம் நிறம் பிடித்தது. யன்னலின் ஒரு கரை மேசைக்குள் தெரியத் தொடங்கியது. எனக்கு வருகிறது, பார்த்தீரா, எனக்கும் வருகிறது என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிக்கொண்டு, நீர் எவ்வளவு தூரம் வந்துவிட்டீர் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

கை நின்றது.

மேசையின் நடுவில் வடு விழுந்துவிட்டது, உள்ளங்கை அளவில். ஸ்பிரிற்றால் அழித்துத் திரும்பப் போடலாம், எனக்குத் தெரியாததல்ல. போடவில்லை. மகன் வந்து பார்த்து, "அம்மா, நடுவில ஒரு மார்க் இருக்கு" என்றான். இருக்கட்டும் என்றேன்.

பந்தைப் போத்தலில் போட்டு மூடியிருக்கிறேன். நீர் மூடியதைப்போல இறுக்கமாக இல்லை.